முதலில் கம்பி, அப்புறம் கலர்

கிட்டாருக்குப் புதுக் கலர் அடிக்கக் கொடுக்கப் போகிறவர்கள் நீலமா சிவப்பா என்று மண்டையை உடைத்துக்கொள்வதற்கு முன்னால் ஒன்றை முடிவு பண்ணிவிட வேண்டும்: இந்தக் கிட்டாரில் இனிமேல் எந்த கேஜ், அதாவது எந்தத் தடிமன் கம்பி ஓடப்போகிறது? பெயின்டுக்கும் கம்பிக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். கழுத்தும் தலைப்பகுதியும் சேருமிடத்தில் கம்பிகளைப் பள்ளங்களில் தாங்கும் நட் என்கிற சின்ன எலும்புத் துண்டு ஒன்று இருக்கிறதே, அது வழியாக நெருங்கிய சம்பந்தம் இருக்கிறது. அதனால்தான் நான் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்த கம்பி செட்டுகளையும், என் கிட்டாருக்கு நீலம் அடித்துக் கொடுத்த பட்டறையின் வேலையையும் ஒரே விமர்சனமாக எழுதுகிறேன்.

கிட்டாரைப் பற்றி முதலில். ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (ஸ்ட்ராட்) வடிவம், ஆல்டர் மர உடம்பு, போல்ட் போட்டு மாட்டிய மேப்பிள் கழுத்து, ரோஸ்வுட் ஃபிங்கர்போர்டு, 25.5 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்), கம்பியின் அதிர்வை வாங்கும் மூன்று சிங்கிள் காயில் பிக்கப், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜையே ஆட்டிச் சுருதியை அசைக்கிற, ஆறு திருகில் நிற்கும் டிரெமலோ. வாங்கும்போது கண்ணாடி மாதிரி தடித்த கறுப்புப் பாலியெஸ்டர் பூச்சு. நான் ஒரு இசைக்குழுவில் ரிதமும் லீடும் கலந்து வாசிக்கிறவன். வலது கை கொஞ்சம் ஓங்கி அடிக்கும். எங்கள் பாடகருக்காகக் குழு முழுவதும் அரை சுருதி இறக்கி, ஈ ஃபிளாட்டில்தான் வாசிக்கிறோம். இந்த இரண்டு விவரமும் கம்பி விஷயத்தில் முக்கியம். எந்த விமர்சனத்தையும் படிக்கும்போது எழுதியவர் எந்தச் சுருதியில், எந்த ஸ்கேலில் வாசிக்கிறார் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அது தெரியாமல் “பத்து செட் அருமை” என்று ஒருவர் சொல்வதை வைத்து எதையும் வாங்க முடியாது.

கேஜ் என்பது கம்பியின் விட்டம். அங்குலத்தை ஆயிரம் பங்காக்கிக் கணக்கு. பத்து செட் என்றால் மெல்லிய ஈ கம்பி 0.010 அங்குலம், தடித்த ஈ கம்பி பெரும்பாலும் 0.046. ஒன்பது செட் என்றால் 0.009-இலிருந்து 0.042 வரை. வித்தியாசம் தலைமுடி அளவுகூட இல்லையே என்று நினைக்கலாம். ஆனால் ஒரே சுருதிக்கு ஏற்றும்போது கம்பியின் இழுவிசை விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. பத்தை ஒன்பதால் வகுத்து வர்க்கப்படுத்தினால் 1.23 வரும். அதாவது மெல்லிய ஈ கம்பியில் ஏறக்குறைய 23 சதவீதம் கூடுதல் இழுப்பு. கம்பியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதி ஏற்றுகிற பெண்ட் இருக்கிறதே, முதல் பெண்டிலேயே விரல் நுனி அதைச் சொல்லிவிடும்.

டடாரியோ நிறுவனம் ஒவ்வொரு கம்பிக்கும் இழுவிசை எவ்வளவு என்று வெளியிடுகிறது. 25.5 அங்குல ஸ்கேலில், சாதாரணச் சுருதியில், அவர்களுடைய 9-42 நிக்கல் செட்டின் ஆறு கம்பிகளையும் கூட்டினால் சுமார் 85 பவுண்ட். 10-46 செட்டில் சுமார் 103 பவுண்ட். கிலோவில் சொன்னால் 39-ஐ ஒட்டியும் 47-ஐ ஒட்டியும். கழுத்தின் மேல் எட்டு கிலோ கூடுதலாக உட்காருகிறது. டிரெமலோ ஸ்பிரிங்குகளும் அந்தக் கூடுதல் இழுப்பைப் பின்பக்கத்திலிருந்து சமன் செய்தாக வேண்டும். கம்பி மாற்றினேன், கிட்டார் சுருதியிலேயே நிற்கவில்லை, பிரிட்ஜ் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று புலம்புகிறவர்களுக்குப் பதில் இந்த எட்டு கிலோவில் இருக்கிறது.

இனி செட்டுகள். 9-42-இல் லீட் வாசிப்பது சுகம். ஒன்றரைச் சுர பெண்ட் கூட முகம் சுளிக்காமல் போகும். ஆனால் ஈ ஃபிளாட்டுக்கு இறக்கினால் தடித்த கம்பி தளர்ந்துவிடுகிறது. நான் அடிக்கிற அடியில் பவர் கார்டின் முதல் நொடி சுருதிக்கு மேலே போய், பிறகு கீழே வந்து உட்காருகிறது. ரிக்கார்டிங்கில் டியூனரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முள் தெளிவாகவே துள்ளும். மெல்லிய கையோடு வாசிக்கிறவர்களுக்கு இது வராது. அவர்களுக்கு ஒன்பது செட்டைப் போலப் பொருத்தம் வேறில்லை.

9-46 கலப்பு செட், எர்னி பால் நிறுவனத்தின் ஹைப்ரிட் ஸ்லிங்கி. மேலே மூன்று மெல்லிய கம்பி ஒன்பது செட்டிலிருந்து, கீழே மூன்று தடித்த கம்பி பத்து செட்டிலிருந்து. பலருக்கு இதுதான் சொர்க்கம். ரிதமுக்குக் கீழே வலு, லீடுக்கு மேலே மென்மை என்று கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எனக்கு ஜி கம்பிக்கும் டி கம்பிக்கும் நடுவே இருக்கிற அந்தப் படி ஒத்துவரவில்லை. 0.016 வெறுங்கம்பி, அடுத்து மேலே மெல்லிய கம்பி சுற்றிய 0.026 சுற்றுக்கம்பி. கார்டு முழுதாக அடிக்கும்போது தெரியாது. நடுக் கம்பிகளில் ஒரு வரியை இழுத்து வாசிக்கும்போது இடது கை திடீரென்று வேறு கிட்டாருக்குப் போன மாதிரி அழுத்தத்தை மாற்ற வேண்டியிருக்கிறது. கீழ்க் கம்பியில் ரிதம், மேல் கம்பியில் லீட் என்று பிரித்து வாசிப்பவர்கள் தாராளமாக வாங்கலாம்.

10-46 ரெகுலர் ஸ்லிங்கியும் டடாரியோவின் அதே அளவும். கணக்கு என்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்: 10, 13, 17, 26, 36, 46. டடாரியோவில் கம்பி முனையின் பந்துகளுக்கு நிறம் அடித்திருப்பதால் இருட்டு மேடையில் கம்பி அறுந்தால் எந்தக் கம்பி என்று தேடி அலைய வேண்டாம். நிறத்தை ஒரு தரம் மனப்பாடம் செய்துவிட்டால் போதும். ஒலியில் எனக்கு இரண்டுக்கும் பெரிய பேதம் கேட்கவில்லை.

கடைசியாக 9.5-44. ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே அரை எண். 9.5, 12, 16, 24, 34, 44. டடாரியோவின் என்ஒய்எக்ஸ்எல் வரிசையிலும், எர்னி பாலில் பிரைமோ ஸ்லிங்கி என்ற பெயரிலும் வருகிறது. இவ்வளவு நுணுக்கிப் பார்க்கவா வேண்டும் என்று நானும் கேட்டவன்தான். போட்டுப் பார்த்த பிறகு அந்தக் கேள்வி போய்விட்டது. சாதாரண ஈ சுருதியில் இந்த செட் என் கைக்கு அளவெடுத்துத் தைத்தது போல் இருந்தது.

இங்கேதான் சுருதி கணக்கு வருகிறது. பொறுமையாகப் பார்க்க வேண்டிய இடம் இது. அரை சுருதி இறக்கினால் இழுவிசை 11 சதவீதம் குறையும். சாதாரணச் சுருதியில் பத்து செட்டின் மெல்லிய கம்பி 16.2 பவுண்ட் இழுக்கிறது. அதையே ஈ ஃபிளாட்டுக்கு இறக்கினால் 14.4. சாதாரணச் சுருதியில் ஒன்பதரைக் கம்பி இழுப்பது ஏறக்குறைய 14.6. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. அதாவது ஈ-யில் 9.5 என் கைக்குப் பிடித்திருக்கிறது என்றால், ஈ ஃபிளாட்டில் வாசிக்கிற எனக்குத் தேவை பத்து செட். அரை எண் செட்டைத் தேடி அலைய வேண்டிய அவசியம் ஈ-யில் வாசிக்கிறவருக்குத்தான். எனக்கு எங்கும் கிடைக்கிற 10-46 போதும்.

இன்னொன்றும் கவனித்தேன். தடித்த கம்பியை அதிக தூரம் தள்ளினால்தான் அதே பெண்ட் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே ஸ்கேல், ஒரே சுருதி, இரண்டும் வெறுங்கம்பி என்றால் தூரம் மாறாது. தள்ளுகிற பலம்தான் கூடும். ஏனென்றால் கம்பியின் இழுவிசையும் அதன் விறைப்பும் சேர்ந்தே ஏறுகின்றன. சுருதியை இறக்கினால் கதை வேறு. விறைப்பு அப்படியே இருக்க இழுவிசை மட்டும் குறைவதால், கொஞ்சம் தள்ளினாலே பெண்ட் வந்துவிடும். ஈ ஃபிளாட்டுக்கு முதன்முதலாக மாறியவர்கள் பெண்டில் சுருதி தாண்டிப் போவது இதனால்தான். ஒரு வாரம் காதை வைத்துப் பழகினால் சரியாகிவிடும்.

தடித்த கம்பி போட்டால்தான் டோன் வரும் என்கிறவர்கள் ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் ஸ்டீவி ரே வானைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அவர் பதிமூன்று செட் போட்டார், உண்மை. ஈ ஃபிளாட்டில் வாசித்தார் என்பதும் அதே அளவு உண்மை. அதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தப் பக்கம் இசட் இசட் டாப் குழுவின் பில்லி கிப்பன்ஸ் ஏழு செட்டில் வாசிக்கிறார். அவருடைய ஒலியைக் கேட்டு மெலிந்திருக்கிறது என்று யாராவது சொல்வார்களா? கிப்பன்ஸின் கிட்டாரைக் கையில் வாங்கி வாசித்துப் பார்த்த ப்ளூஸ் மேதை பி.பி. கிங், இவ்வளவு கஷ்டப்படுவது எதற்கு என்று கேட்டதாக கிப்பன்ஸே சொல்லியிருக்கிறார். தொழிற்சாலை விபத்தில் விரல் நுனிகளை இழந்த, பிளாக் சபாத் குழுவின் டோனி அயோமி மெல்லிய கம்பியும் இறக்கிய சுருதியும் வைத்துத்தான் உலகத்தின் கனமான ஒலியை உண்டாக்கினார். ஐம்பதுகளில் கடையில் கிடைத்த செட்டில் ஜி கம்பிகூடச் சுற்றுக்கம்பியாகத்தான் வரும். வளைக்கவே முடியாது. வாசிப்பவர்கள் பேஞ்சோ கம்பியைக் கலந்து போட்டுச் சமாளித்தார்கள். அந்தத் தவிப்பைப் பார்த்துத்தான் எர்னி பால் 1962-இல் ஸ்லிங்கி செட்டுகளைக் கொண்டுவந்தார். கைக்கு ஏற்ற கம்பியைத் தேடுவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

கம்பியின் உலோகத்தைப் பற்றிச் சுருக்கமாக: நிக்கல் பூசிய எஃகு எல்லாவற்றுக்கும் பொது. சுத்த நிக்கல் ஒலியைக் கொஞ்சம் மழுக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூர்மையாக இருக்கும், கழுத்தின் குறுக்கே பதித்த ஃபிரெட் என்கிற உலோகப் பட்டைகளையும் சீக்கிரம் தேய்க்கும். எலிக்ஸர் மாதிரி மேல்பூச்சுப் போட்ட கம்பி, வியர்க்கிற கைக்கு நிச்சயம் நீடித்து உழைக்கும். எனக்கு அதன் வழவழப்பு பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது பட்டறைக்கு வருகிறேன். ஒரே ஒரு மாஸ்டர், ஒரு உதவியாளர், தூசி புகாமல் அடைத்த ஸ்பிரே அறை. போனில் பேசும்போது நான் லேக் ப்ளாசிட் ப்ளூ வேண்டும் என்று நிறத்தைச் சொல்லத் தொடங்கினேன். அவர் குறுக்கிட்டார்.

“கலர் இருக்கட்டும் தம்பி. என்ன கேஜ் கம்பி போடுவீங்க?”

“இப்ப ஒன்பது கிடக்கு மாஸ்டர். பத்துக்கு மாறப் போறேன்.”

“அப்ப கிட்டாரோட ரெண்டு பத்து செட்டும் சேர்த்து அனுப்பிடுங்க. நட்டு புதுசா வெட்டித்தான் ஆகணும். கலர் அடிச்சப்புறம் பழைய நட்டைத் தட்டி எடுத்தா, லேக்கரும் சேர்ந்து பேந்துட்டு வரும்.”

இந்தக் கேள்வியைக் கேட்டதற்காகவே அவரிடம் கொடுத்தேன். எனக்குத் தலைப்பகுதிக்கும் உடம்பின் அதே நீலம் வேண்டும். தலையில் அடிக்கிற லேக்கர் நட்டின் விளிம்பு வரை வந்து நிற்கும். என் கிட்டாரின் பழைய நட் 42-க்கு வெட்டியது. அதில் 46 கம்பி இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். சுருதி ஏற்றும்போது டிங் டிங் என்று சத்தம் கேட்கும், டிரெமலோவைத் தொட்டால் சுருதி திரும்பாது. புதுப் பூச்சுக்குப் பிறகு இது தெரிந்து நட்டை மாற்றப் போனால், அந்த விளிம்பில் சில்லுப் பேர்வது கிட்டத்தட்ட உறுதி. கத்தியால் கீறிவிட்டு எடுத்தாலும் தடம் இருக்கும். நிறத்துக்கு முன் கேஜ் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதன் காரணம் இதுதான்.

அவர் செய்த ஒழுங்கு இப்படி: பழைய நட்டை முதலில் எடுத்தார். கழுத்தும் உடம்பும் பெயின்ட் வேலை முடித்துக் காய்ந்தன. அதன் பிறகு எலும்பு நட்டை உட்காரவைத்து, நான் அனுப்பிய கம்பியையே பக்கத்தில் வைத்துக்கொண்டு பள்ளம் வெட்டினார். 46 கம்பிக்கு 48 அளவு அரம். கம்பி தடையில்லாமல் வழுக்க வேண்டும், பக்கவாட்டில் ஆடக் கூடாது. இரண்டாவது செட் கடைசி செட்டப்புக்கு.

எந்தப் பூச்சு என்பதில் நான் நீளமாகவே யோசித்தேன். பாலியெஸ்டர் கெட்டி, தடிப்பு, சீக்கிரம் இறுகும். பாலியுரித்தேன் அதைவிட மெலிதாக அடிக்கலாம். இரண்டும் இரசாயன மாற்றத்தால் இறுகுகிறவை. ஒரு முறை இறுகினால் மேலே அடிக்கிற புதுப் பூச்சோடு கரைந்து சேராது. தொட்டுச் சரிபண்ணின இடம் கோடாகத் தெரியும். நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் அப்படியல்ல. கரைப்பான் ஆவியாகிப் போவதால் மட்டுமே காய்வது. புதிதாக அடித்தது பழையதைக் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும். குறை என்னவென்றால் மென்மையானது, வருடங்கள் போகப் போக மஞ்சளிக்கும், திடீர்க் குளிரில் மயிரிழையாக வெடிக்கும், முழுதாகக் காய வாரக்கணக்கில் ஆகும். மேடையில் இடிபடப் போகிற கிட்டார், இடிபட்டால் சரிபண்ணக்கூடியதாக இருக்கட்டும் என்று மாஸ்டர் சொன்னார். நீல மெட்டாலிக்குக்கு அக்ரிலிக் லேக்கர், அதன் மேல் நைட்ரோ கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) என்று முடிவானது.

வீட்டில் அடித்துக்கொள்ளலாமா என்று கேட்கிறவர்களுக்கு: இரண்டு பாகம் கலந்து அடிக்கிற பாலியுரித்தேனில் ஐசோசயனேட் இருக்கிறது. சாதாரண முகமூடி அதற்குப் போதாது. நைட்ரோ எளிதில் தீப்பற்றும். இது பட்டறை வேலை. பட்டறையிலேயே நடக்கட்டும்.

பழைய கறுப்பை மரம் தெரியும்வரை உரித்துவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். பாலியெஸ்டரை இரசாயனத்தால் உரிப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். சூடு காட்டி உரித்தால் மரம் கருகலாம், தேய்த்தே எடுத்தால் உடம்பின் வளைவுகள் மாறிவிடும். அதைச் சமமாகத் தேய்த்து, அதையே அடித்தளமாக வைத்து மேலே அடிப்பதே நல்ல வழி. மரம் மூச்சு விட வேண்டும், நைட்ரோதான் விடவைக்கும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. வெட்டி உலர்த்திய மரத்தில் எந்தப் பூச்சின் வேலையும் ஈரத்தைத் தடுப்பதுதான். எல்லாரும் ஏங்குகிற அறுபதுகளின் ஃபெண்டர் கிட்டார்களிலேயே நைட்ரோவுக்கு அடியில் ஃபுல்லர்பிளாஸ்ட் என்கிற கெட்டியான சீலர் இருந்தது.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அறுபதுகளில் ஃபெண்டர் கொடுத்த கஸ்டம் கலர்கள் பெரும்பாலும் கார் பெயின்ட். டூபான்ட் நிறுவனத்தின் டூகோ, லூசைட் வரிசைகளிலிருந்து எடுத்தவை. லேக் ப்ளாசிட் ப்ளூ காடிலாக் கார்களில் வந்தது. ஃபியஸ்டா ரெட் ஃபோர்ட் தண்டர்பேர்டில் வந்தது. பழைய லேக் ப்ளாசிட் ப்ளூ கிட்டார்கள் பல இன்று பச்சையாகத் தெரிவதற்குக் காரணம் நீலம் மாறியது அல்ல, மேலே இருக்கிற கிளியர் மஞ்சளித்ததுதான். ஒலிம்பிக் ஒயிட் வெண்ணெய் நிறமாவதும் இதனாலேயே. ஆகவே நைட்ரோ மேல்பூச்சோடு நீலம் கேட்கிறவர்கள், பல வருடங்கள் கழித்து அது பச்சை பக்கம் சாயும் என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு அது சம்மதம். அந்தப் பச்சையும் அழகாகத்தான் இருக்கிறது. சம்மதமில்லாதவர்கள் அக்ரிலிக் கிளியர் கேளுங்கள், அது மஞ்சளிப்பது மிகக் குறைவு.

பட்டறையின் வேலையில் என்னை மிகவும் கவர்ந்தது மாதிரிப் பலகைகள். ஒரே டப்பாவிலிருந்து எடுத்த ஒரே நீலம், மூன்று ஆல்டர் துண்டுகளில் மூன்று விதமாக இருந்தது. மெட்டாலிக் பெயின்டில் அலுமினியத் துகள்கள் மீன் செதில் போலப் படுத்துக்கிடக்கும். ஸ்பிரே ஈரமாக விழுந்தால் துகள்கள் கீழே அமிழ்ந்து நிறம் கருக்கும். தூரத்திலிருந்து கொஞ்சம் உலர்வாக அடித்தால் துகள்கள் மேலேயே நின்று வெளிர்நீலமாகப் பளிச்சிடும். கை ஓடுகிற வேகம் ஒரு இடத்தில் குறைந்தால் அங்கே திட்டு விழும். பெரிய சமதளமான உடம்பில் அந்தத் திட்டை ஒளிக்க இடமே இல்லை. மூன்று பலகைகளையும் வெயிலில் பார்த்தேன், வீட்டு விளக்கில் பார்த்தேன், பிறகு மேடைக்கு எடுத்துப் போய் எல்இடி விளக்குகளுக்குக் கீழேயும் பிடித்துப் பார்த்தேன். மஞ்சள் விளக்கில் கருநீலம் செத்துப்போய் கறுப்பாகத் தெரிந்தது. நடுப் பலகை மட்டும் எல்லா வெளிச்சத்திலும் நீலமாகவே நின்றது. மேடையில் வாசிக்கிறவர்கள் கம்ப்யூட்டர் திரையில் நிறம் தேர்ந்தெடுக்கவே கூடாது. பலகை கேளுங்கள். தர மாட்டேன் என்கிற பட்டறைக்குக் கிட்டாரைக் கொடுக்காதீர்கள்.

கிட்டார் வந்ததும் நான் முதலில் பார்த்தது முகத்தை அல்ல, மறைவான இடங்களை. கழுத்து வந்து உட்காரும் குழியில் பெயின்ட் ஒரு சொட்டு இல்லை. டேப் ஒட்டி மறைத்திருக்கிறார். அங்கே பூச்சு ஏறினால் கழுத்து இறுகி, விளிம்பில் லேக்கர் வெடிக்கும், கழுத்தின் கோணமும் மாறும். பின்பக்கத் தகட்டின் நான்கு திருகு ஓட்டைகளின் வாயையும் சற்றே விரித்துச் சரிவாக்கியிருந்தார். திருகின் மரை பூச்சைப் பிடித்துத் தூக்காது. மேற்பரப்பை 800-இலிருந்து 2000 வரை தாளால் நீரூற்றித் தேய்த்து பஃப் செய்திருக்கிறார். ட்யூப் லைட்டின் பிம்பம் உடம்பில் கோணாமல் நேராக விழுகிறது. ஆரஞ்சுத் தோல் மாதிரிப் புள்ளிப் புள்ளியாக எதுவும் இல்லை.

குறைகளும் உண்டு. கீழ்க் கொம்பின் உள்பக்க விளிம்பில், கட்டைவிரல் நகம் அளவு இடத்தில், தேய்க்கும்போது நீலத்தையும் தாண்டித் தேய்த்துவிட்டார்கள். அடியிலிருக்கிற ப்ரைமர் வெளுப்பாகத் தெரிந்தது. விளிம்புகளில் பூச்சு எப்போதும் மெலிந்தே நிற்கும், அங்கே இயந்திரம் வைக்காமல் கையால்தான் தேய்க்க வேண்டும். படம் அனுப்பினேன். மறுபேச்சில்லாமல் திரும்ப வாங்கி அடித்துக் கொடுத்தார், ஒட்டுப் போட்ட இடம் இப்போது எனக்கே தெரியவில்லை. ஆனால் சொன்ன தேதி அதனால் இன்னும் தள்ளிப்போனது. முன்பே ஒரு முறை தள்ளிப்போயிருந்தது. இன்னொன்று: லேக்கர் முழுதாக இறுகுவதற்கு முன்பே, முகப்பில் மாட்டும் பிக்கார்டு என்கிற தகட்டை முடுக்கிவிட்டார்கள். கழற்றிப் பார்த்தால் விளிம்பின் தடம் உடம்பில் பதிந்திருக்கிறது. மாட்டியிருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது என்பதால் விட்டுவிட்டேன். நீங்கள் கொடுப்பதாக இருந்தால், உதிரிகளை மாட்டுவதற்கு முன்னால் இன்னும் சில வாரம் உடம்பைச் சும்மா தொங்கவிடச் சொல்லுங்கள். நைட்ரோவில் அவசரம் காட்டுவதால் யாருக்கும் லாபமில்லை.

கழுத்தின் பின்பக்கத்தைப் பளபளப்பாக விடாமல் மேட் ஆக்கச் சொன்னேன். பளபளக்கும் நைட்ரோ வியர்த்த கையில் ஒட்டும். கேஜ் ஏற்றியதும் பெண்டுக்காகக் கட்டைவிரல் கழுத்தை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது. ஒட்டினால் அடுத்த இடத்துக்கு நகர அரை கணம் தாமதமாகும். மாஸ்டர் ஸ்கார்ச் பிரைட் துணியால் நீளவாக்கில் தேய்த்துக் கொடுத்தார். வீட்டில் இதை 0000 இரும்புக் கம்பளியால் செய்கிறவர்கள் பிக்கப்பை மூடிவிட்டுச் செய்யுங்கள். இரும்புத் தூள் காந்தத்தில் போய் ஒட்டினால் எடுப்பது பெரும்பாடு.

செட்டப் நன்றாக இருந்தது. டிரெமலோவில் மூன்று ஸ்பிரிங்குக்குப் பதில் நான்கு, கொக்கித் திருகு சமமாக. கழுத்தின் வளைவு சாவியைக் கொஞ்சம் முறுக்கிச் சரிபண்ணப்பட்டிருந்தது. ஈ ஃபிளாட்டில் வைத்தே இன்டொனேஷன், அதாவது கழுத்து முழுக்கச் சுருதி சரியாக விழுகிறதா என்று பார்த்திருக்கிறார். இதை நான் கேட்காமலேயே செய்தார், சுருதியை முன்பே விசாரித்து வைத்துக்கொண்டதால். பிக்கப்பை மட்டும் நானே ஒரு சுற்று இறக்கினேன். தடித்த கம்பிக்கு ஒலி கூடுதலாகவே வந்தது.

ஒலி மாறியதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். கொடுப்பதற்கு முன்னால் அதே பத்து செட்டைப் போட்டு, அதே ஆம்ப்பில், அதே வரியை ரிக்கார்டு பண்ணி வைத்திருந்தேன். வந்த பிறகு மறுபடி வாசித்து இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். பூச்சால் வந்த மாற்றம் என்று என்னால் எதையும் சுட்டிக்காட்ட முடியவில்லை. ஒன்பதிலிருந்து பத்துக்கு மாறியதன் வித்தியாசம் முதல் கார்டிலேயே கேட்கிறது: கீழ்ச் சுரங்கள் நிற்கின்றன, ஓங்கி அடித்தாலும் சுருதி துள்ளுவதில்லை. டோனுக்காகப் பூச்சை மாற்ற நினைப்பவர்கள் முதலில் ஒரு கம்பி செட் வாங்கிப் போட்டுப் பாருங்கள். கண்ணுக்காக மாற்றுகிறவர்கள் தயங்காமல் மாற்றுங்கள். கையில் எடுக்கத் தூண்டுகிற கிட்டாரைத்தான் நாம் அதிகம் வாசிக்கிறோம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நைட்ரோ கிட்டாரை ரப்பர் பட்டை போட்ட ஸ்டாண்டில் அப்படியே மாட்டாதீர்கள். ரப்பரும் சிலவகை வினைலும் லேக்கரைக் கரைத்துக் குழைத்துவிடும். ஸ்டாண்டின் கையில் பருத்தித் துணியைச் சுற்றிவிடுங்கள். வினைல் ஸ்ட்ராப்பைக் கிட்டாரின் மேலேயே மடித்துப் பெட்டியில் வைப்பதும் கூடாது. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் வியர்வையைத் துடைத்தால் பூச்சு, கம்பி இரண்டுக்கும் நல்லது.

24.75 அங்குல ஸ்கேல் உள்ள கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு என் கணக்கு அப்படியே பொருந்தாது. அதே கம்பி, அதே சுருதியில் அங்கே இழுவிசை ஏறக்குறைய 6 சதவீதம் குறைவு. ஈ ஃபிளாட்டில் பத்து செட் போட்டால் நீள ஸ்கேலில் ஈ-யில் ஒன்பது செட்டை விடக் கொஞ்சம்தான் கூடுதலாக இருக்கும். பதினொன்று போட்டால் நீள ஸ்கேலில் ஈ-யில் பத்து செட்டைக் கொஞ்சம் தாண்டும். மகாகனி உடம்பு என்றால் பூச்சு வேலையும் கூடும். துளைகள் உள்ள மரம், ஃபில்லர் போட்டு அடைக்காவிட்டால் காயக் காய லேக்கர் குழி விழும். என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது. அடுத்து அதே மாஸ்டரிடம் அதைத்தான் செர்ரி சிவப்புக்கு அனுப்பப் போகிறேன். பெட்டியில் இரண்டு பதினொன்று செட் ஏற்கெனவே வைத்தாகிவிட்டது.